ஓர் அஞ்சலட்டையும் கொலராடோப் பெரும்பள்ளமும்

தில்லித் தரியாகஞ்சு நடைபாதையில் ஞாயிறுதோறும் பழைய நூல்கள் பரப்பப்பட்டிருந்த காலத்தில், அஃதாவது அச்சந்தை 2019ஆம் ஆண்டில் வேறிடத்துக்கு மாற்றப்படுவதற்கு முன்னர், அட்டை கிழிந்த உலகப்படநூல் ஒன்றினுள் செருகிக் கிடந்த பட அஞ்சலட்டை ஒன்று நம் கைக்கு வந்தது. நூலுக்குத்தான் விலை பேசினோம். அஞ்சலட்டையைக் கடைக்காரர் பொருட்படுத்தவே இல்லை. அந்த நூலை யாருக்கோ இரவல் கொடுத்து இழந்துவிட்டோம். இரவல் போன நூல் திரும்பாது என்பது புத்தகப் பித்தர் அனைவரும் அறிந்ததே. அஞ்சலட்டை மட்டும் நம் மேசைமேல் இருக்கிறது.

அதன் முன்புறத்தில், மலையென்று சொல்லவும் இயலாத, பள்ளமென்று சொல்லி அமையவும் இயலாத ஒரு காட்சி. அருகில் ஒரு பாறை விளிம்பு. அதன்மேல் முறுக்கேறி நிற்கும் ஒரு பட்ட மரம். விளிம்புக்கு அப்பால் படிப்படியாக இறங்கும் பாறை அடுக்குகள். வெண்மை, காவி, செம்மை, ஊதா என அவற்றின் நிறங்கள். அடுக்குகளின் நடுவே கோபுரங்களைப் போல எழுந்து நிற்கும் தனிக்குன்றுகள். பள்ளத்தின் இடைநிலையில் ஒரு சமதளம். அதில் நகக்கண் அளவில் ஒரு பச்சைத் திட்டு. அதற்கும் கீழே, கறுத்த பிளவு ஒன்றின் அடியில், நூலிழை போன்ற ஒரு நீலக் கோடு. மனிதர் யாரும் இல்லை. விலங்கு இல்லை, கூரை இல்லை, புகை இல்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆறு அறுத்து வைத்திருக்கும் கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பள்ளத்தைத் தென்விளிம்பிலிருந்து பார்க்கும் காட்சி இது.

பின்புறத்தில் பென்சிலால் நான்கு வரிகள். எழுதியவர் முந்தைய நாள் வந்து சேர்ந்திருக்கிறார். அரைமணி நேரம் விளிம்பில் நின்றிருக்கிறார். எழுதச் சொல் வரவில்லை, அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொள் என்று முடித்திருக்கிறார். அஞ்சல்தலையை எவரோ உரித்தெடுத்துவிட்டார். அதனோடு முத்திரையும் தேதியும் போயின. ஆயினும் அட்டையின் காலத்தை ஒருவாறு கணிக்க முடியும். பின்புறத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடுகிறது: ஒருபால் செய்தி, மறுபால் முகவரி. அமெரிக்காவில் இப்பகுப்பு 1907ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியது. ஏதேனும் எழுத விரும்பியவர் படத்தின் ஓரத்து வெள்ளை இடத்தில் நெருக்கி நெருக்கி எழுத வேண்டியிருந்தது. அட்டையின் மூலையில் ‘ஃபாஸ்டின்ட்’ என்ற வணிகக்குறி இருக்கிறது. டெட்ராயிட் பதிப்பு நிறுவனம் 1907ஆம் ஆண்டு முதல் வழங்கிய பெயர் அது. அந்நிறுவனம் 1924ஆம் ஆண்டில் நொடித்துப்போய், 1932ஆம் ஆண்டில் முற்றும் கலைக்கப்பட்டது. ஆகவே, ஏறத்தாழ 1907க்கும் 1924க்கும் இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் பிறந்தது நம் அட்டை.

அஞ்சலட்டை என்னும் பொருளே அப்போது இளமையானதுதான். 1869ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று ஆஸ்திரிய-அங்கேரிய அரசு உலகின் முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. நம் நாட்டில் 1879ஆம் ஆண்டில் காலணா அட்டை வந்தது. நம்மவர்க்குக் ‘கார்டு’ என்றால் எழுத்து. ஓரம் விடாமல், முகவரியின் தலைமேலும் கூட எழுதித் தள்ளுவோம். துக்கச் செய்தி வந்த அட்டையைப் படித்தவுடன் கிழித்தெறியும் வழக்கம் நம் வீடுகளில் இருந்ததும், எழுத்துக்கு நாம் கொடுத்த வலிமையைக் காட்டும். மேலைநாட்டினர் பட அட்டையில் எழுத்தைக் குறைத்துப் படத்தைப் பேசவிட்டனர். அமெரிக்காவில் 1873ஆம் ஆண்டிலேயே அரசு அட்டை தோன்றிவிட்ட போதிலும், தனியார் அச்சிட்ட அட்டையையும் அதே ஒரு சென்ட் கட்டணத்தில் அனுப்பலாம் என்ற சட்டம் 1898ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் வந்தது. அதன்பின் மடை உடைந்தது. 1908ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு முடிந்த ஓராண்டில் மட்டும் அந்நாட்டு அஞ்சல்துறை 67 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளைக் கையாண்டது. அப்போது அந்நாட்டின் மக்கள்தொகை ஒன்பது கோடியைக்கூட எட்டவில்லை.

இத்தனை கோடிக் கைகளில் புழங்கிய படங்கள்தாம் ஒரு நாட்டுக்கு அதன் நிலத்தை அறிமுகம் செய்தன. ஆகவே நம் அட்டையின் முன்புறம் எவ்வாறு உருவாயிற்று என்று பார்ப்பது வீண்வேலை ஆகாது.

ஐரோப்பியருள் இப்பள்ளத்தை முதலில் கண்டவர் கார்சியா லோபஸ் தே கார்தெனாஸ் என்ற இசுபானியத் தலைவர், ஆண்டு 1540. ஹோப்பிப் பழங்குடியினர் வழிகாட்டிச் சென்றனர். விளிம்பிலிருந்து நோக்கியபோது ஆள் உயரமே இருப்பதாகத் தோன்றிய பாறைகள், இறங்க முயன்ற மூவர் அருகே சென்று பார்த்தபோது செவில் நகரத்துப் பெருங்கோயிலின் கோபுரத்தையும் விஞ்சின என்று அப்படையெடுப்பின் வரலாறு கூறும். அந்த மூவரும் மூன்றில் ஒரு பங்கு தொலைவுக்கு மேல் இறங்க இயலாமல் திரும்பினர். பின்னர் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் வெளியுலகம் அதனை ஏறத்தாழ மறந்தே இருந்தது. 1857-58ஆம் ஆண்டுகளில் வந்த ஜோசப் ஐவ்ஸ் என்ற படைத்துறை அதிகாரி, இப்பயனற்ற இடத்துக்குத் தம் குழுவே கடைசியாக வந்த வெள்ளையர் குழுவாக இருக்கும் என்ற கருத்துப்பட அறிக்கை எழுதினார். இக்காலத்தில் ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் அங்கு வந்து நிற்கின்றனர். வருவதுரைத்தல் எத்துணை இடர்ப்பாடானது!

ஐவ்ஸின் குழுவில் எக்லொஃப்ஸ்டைன் என்ற ஓவியர் இருந்தார். அச்சேறி உலகுக்குச் சென்ற முதல் படங்கள் அவர் கைவண்ணமே. அவற்றில் பள்ளம் அகலமற்றது. இருபுறமும் ஊசிபோல் உயர்ந்த சுவர்களுக்கிடையே இருள் சூழ்ந்தது. உண்மையிலோ அது 446 கிலோமீட்டர் நீளமும், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலமும், ஏறத்தாழ ஒரு மைல் ஆழமும் கொண்ட திறந்தவெளி. கண்டதை விட்டு, பாதாளம் எவ்வாறு இருக்கவேண்டும் என்று தாம் எண்ணியதை அவர் தீட்டினார் போலும். 1869ஆம் ஆண்டில் ஒற்றைக்கையரான ஜான் வெஸ்லி பவல் நான்கு படகுகளும் பதின்மருமாகப் புறப்பட்டு ஆற்றின் வழியே பள்ளத்தைக் கடந்த பின்னர், அவரோடு 1873ஆம் ஆண்டில் தாமஸ் மோரன் என்ற பேரோவியர் வந்தார். அவர் தீட்டிய பெரும் திரையை அமெரிக்க நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது. பாறை இருந்த இடத்தில் பாறையை வைக்கும் கட்டாயம் தமக்கு இல்லை என்பது மோரனின் கொள்கை. இயற்கையைத் தம் உள்ளத்துக்கு ஏற்ப அடுக்கிக்கொண்டார். நேர்மையான கோடுகள் வில்லியம் ஹோம்ஸ் என்பவர் வரைந்தவை. 1882ஆம் ஆண்டில் டட்டன் என்னும் நிலவியலாளர் வெளியிட்ட நூலோடு வந்த அவருடைய அகன்ற படங்களில் ஒவ்வொரு பாறை அடுக்கையும் விரல்வைத்து எண்ணலாம். அறிஞர் போற்றினர்; ஆனால் சந்தைக்குச் சென்றது மோரனின் வழியே.

நம் அட்டைக்கு மூலமாக அமைந்தது நிழற்படம். டெட்ராயிட் நிறுவனம் 1890களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்திலிருந்து ‘ஃபோட்டோகுரோம்’ என்ற அச்சுமுறையின் உரிமையைப் பெற்றது. வண்ண நிழற்படம் பரவலாகாத காலம் அது. கறுப்பு வெள்ளைக் கண்ணாடித் தகட்டிலிருந்து, ஒளிபட்டால் இறுகும் நிலக்கீல் பூசிய கல்லச்சுக் கற்களுக்குப் படத்தை மாற்றுவர். ஒரு நிறத்துக்கு ஒரு கல். குறைந்தது நான்கு கற்கள். சிறந்த படங்களுக்குப் பதினான்கும் அதற்கு மேலும் உண்டு. எந்த அடுக்குக்கு எந்தச் சிவப்பு, வானத்துக்கு எவ்வளவு நீலம் என்பதை அச்சகத்தில் இருந்த கைவினைஞர் முடிவு செய்தனர். பள்ளத்தை அவர்கள் நேரில் பார்த்திருக்க வேண்டுவதில்லை. வில்லியம் ஹென்றி ஜாக்சன் என்ற புகழ்பெற்ற நிழற்படக்காரர் தம் ஆயிரக்கணக்கான தகடுகளோடு வந்து இந்நிறுவனத்தில் சேர்ந்தார். இதே ஜாக்சன்தான் 1892ஆம் ஆண்டில் சாண்டா ஃபே இருப்புப்பாதை நிறுவனத்தின் ஆதரவில் மோரனோடு பள்ளத்துக்கு வந்திருந்தவர். நிறுவனம் உச்சத்தில் இருந்தபோது ஆண்டுக்கு 70 இலட்சம் படங்கள் விற்றதாகக் கணக்கு.

நிறம்பூசிப் பொய் சொன்னார்கள் என்று விரைந்து பழிக்க வேண்டா. இயற்கையே அங்கு அத்தொழிலைச் செய்து வைத்திருக்கிறது. பள்ளத்தின் நடுவே செங்குத்தாக நிற்கும் ‘ரெட்வால்’ என்னும் செஞ்சுவர், உடைத்துப் பார்த்தால் சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல். அதன்மேல் உள்ள அடுக்குகளிலிருந்து மழைநீர் வழியாக இறங்கிய இரும்புத்துருவே அதற்குச் செம்மை பூசியிருக்கிறது.

அட்டையில் அச்சகத்தின் பெயரோடு ஃபிரெட் ஹார்வி நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது. ஹார்வி என்ற மனிதர் 1901ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அவர் தொடங்கிய உணவுவிடுதித் தொழில், சாண்டா ஃபே இருப்புப்பாதையோடு கைகோத்து வளர்ந்தது. அதே 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் முதல் பயணிவண்டி வில்லியம்ஸ் என்ற ஊரிலிருந்து 64 மைல் ஓடித் தென்விளிம்பை அடைந்தது. அதுவரை குதிரைவண்டியில் எலும்பு நோக வந்தவர்கள், இனி 3 டாலர் 95 சென்டுக்குச் சாய்ந்து அமர்ந்து வரலாயினர். வண்டி நிறுவனத்தார் வண்டியை ஓட்டியதோடு நில்லாமல், வண்டியேறுவதற்கான காரணத்தையும் தயாரித்தனர். நாட்காட்டி, ஓவியம், துண்டுநூல், அஞ்சலட்டை யாவும் அதற்கே. பயணி ஒருவர் ஒரு சென்ட் செலவில் வீட்டுக்கு அனுப்பும் அட்டை, அடுத்த பயணியை அழைக்கும் விளம்பரமாயிற்று. விளம்பரத்துக்குப் பயணியே காசு கொடுத்த விந்தை இது. நம் அட்டையில் பென்சிலால் எழுதியவரும் அறியாமலேயே அவ்வேலையைச் செய்தவர்தாம்.

1903ஆம் ஆண்டு மே மாதத்தில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் அங்கு வந்து பேசினார். இதனை உள்ளபடியே விட்டுவிடுங்கள், மனிதர் இதனை மேம்படுத்த இயலாது, கெடுக்கவே இயலும் என்பது அவர் பேச்சின் சாரம். பள்ளத்தின் விளிம்பில் விடுதி கட்டுவதில்லை என இருப்புப்பாதை நிறுவனம் எடுத்த முடிவையும் அவர் அப்பேச்சில் பாராட்டினார். 1905ஆம் ஆண்டு சனவரியில் எல் தோவார் என்னும் பெருவிடுதி திறக்கப்பட்டது, விளிம்பிலிருந்து சில அடித் தொலைவில்! எந்தத் தோவாரின் பெயரை அதற்கு இட்டார்களோ, அந்தப் பேதுரோ தே தோவார் ஹோப்பி மக்களிடம் ஆற்றைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி. பள்ளத்தைப் பார்த்தவரே அல்லர். விடுதிக்கு எதிரே, அதே மாதத்தில், மேரி கோல்ட்டர் என்ற அம்மையார் வடிவமைத்த ‘ஹோப்பி இல்லம்’ திறக்கப்பட்டது. அங்கு நம்பேயோ என்ற சிறந்த குயக்கலைஞர் 1905ஆம் ஆண்டிலும் 1907ஆம் ஆண்டிலும் குடும்பத்தோடு தங்கிப் பயணியர் பார்க்க மட்கலம் வனைந்தார். அவரைக் காட்டும் அட்டைகளும் விற்றன. ஆனால் பள்ளத்தின் காட்சி அட்டை வேறு, பழங்குடியினர் அட்டை வேறு. ஒன்றில் நிலம் உண்டு, மனிதர் இல்லை. மற்றொன்றில் மனிதர் உண்டு, அவர்தம் நிலம் இல்லை. நம்மைச் சிந்திக்க வைத்தது இப்பிரிவுதான்.

நம் மரபில் பயின்றோர்க்கு இது எளிதில் புலனாகும். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்தில் வாழும் தெய்வமும் மக்களும் மாவும் மரமும் புள்ளும் பறையும் தொழிலும் கருப்பொருள். மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றும் சேர்ந்தால்தான் திணை. குறவர் இல்லாத குறிஞ்சியைப் பாடிய சங்கப் புலவர் உண்டோ? தினைப்புனம் காக்கும் மகளும் இல்லாமல், பரணும் இல்லாமல், வெறும் மலையை மட்டும் பாடினால் அதனை அகப்பாட்டு என்று யாரும் ஏட்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். நம் அட்டை முதற்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துடைத்துவிட்ட படம்.

துடைக்கப்பட்டவர் யார்? அட்டையின் நடுவே உள்ள பச்சைத் திட்டுக்கு வருவோம். விளிம்பிலிருந்து நாலரை மைல் பாதையில், மூவாயிரம் அடிக்கு மேல் இறங்கினால் வற்றாத ஊற்றும் நெட்டிலிங்க இனத்து மரங்களும் உள்ள அவ்விடம் வரும். ‘இந்தியன் கார்டன்’, அஃதாவது ‘செவ்விந்தியர் தோட்டம்’, என்று நெடுங்காலம் அதற்குப் பெயர். தோட்டம் என்ற சொல்லே தோட்டக்காரரைக் காட்டிக் கொடுக்கிறது. அவர்கள் ஹவசுப்பாய் மக்கள். நீலப்பச்சை நீரின் மாந்தர் என்பது அப்பெயரின் பொருள். கோடையில் பள்ளத்தின் உள்ளே ஓடைக்கரையில் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிடுவர். குளிர்காலத்தில் மேட்டுநிலத்துக்கு ஏறி வேட்டையாடுவர். இன்று பயணியர் இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதை அவர்கள் கால்பட்டு உண்டான தடமே. 1882ஆம் ஆண்டில் அரசு அவர்களுக்கென ஒதுக்கியது ஏறத்தாழ 518 ஏக்கர். அது கோடை நிலத்தை மட்டும் அளந்தது. குளிர்கால நிலம் கணக்கில் வரவில்லை. பாதி ஆண்டு வாழ்க்கை சட்டத்தின் கண்ணில் இல்லாமற் போயிற்று. 1893ஆம் ஆண்டில் மேட்டுநிலம் காப்புக்காடு ஆயிற்று. 1908ஆம் ஆண்டு சனவரியில் பள்ளம் தேசிய நினைவிடம் என்றும், 1919ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் தேசியப் பூங்கா என்றும் அறிவிக்கப்பட்டது. ஒவ்வோர் அறிவிப்பும் இயற்கையைக் காக்க எழுந்ததே. அதனை நாம் மறுக்கவில்லை. ரால்ஃப் கேமரன் என்ற அரசியல்வாதி சுரங்க உரிமை என்ற பெயரில் பாதையை மறித்துக்கொண்டு, குதிரையிலும் கழுதையிலும் இறங்குவோரிடம் தலைக்கு ஒரு டாலர் தண்டிய காலம் அது. காவல் இல்லாவிடின் விளிம்பு முழுவதும் சுங்கச்சாவடி ஆகியிருக்கும். ஆயினும் கேமரனை நீக்கிய அதே கை, தோட்டக்காரரையும் நீக்கியது. பச்சைத் திட்டில் வாழ்ந்த கடைசி ஹவசுப்பாய்க் குடும்பம் 1928ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்டது.

அதே 1928ஆம் ஆண்டில் மற்றொன்றும் நடந்தது. கொலராடோ ஆற்றின்மேல் கைபாப் தொங்குபாலம் கட்ட எஃகு வடங்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் ஐந்நூறு அடிக்கு மேல் நீளம். எடை ஒரு டன்னுக்கும் அதிகம். சுருட்டினால் எந்தக் கழுதையும் சுமக்காது, வெட்டினால் பயன்படாது. 42 ஆடவர் வரிசையாக நின்று தோளில் ஏற்றிக்கொண்டு, வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் ஒரே தாளத்தில் அடிவைத்து ஆறுவரை கொண்டு சென்றனர். அவருள் பெரும்பாலோர் ஹவசுப்பாய் மக்கள். முன்னால் செல்பவர் ஒரு திருப்பத்தைக் கடந்து மறைந்துவிட, பின்னால் வருபவர் மேல்திருப்பத்தில் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருப்பார். இடையில் ஒருவர் கால் வழுக்கினால் அத்தனை பேரும் இழுபடுவர். தேர்வடம் பிடித்து வளர்ந்த நமக்கு இக்காட்சியின் உழைப்பு நன்கு விளங்கும். குடியிருக்க இடமில்லை என்று சொல்லப்பட்ட மக்களே பயணியர் கடக்கப் பாலம் சுமந்தனர். நம் அட்டை இதற்கு முன்னரே அச்சானது. ஆகவே இதனைக் காட்டவில்லை என்று அதன்மேல் குறைசொல்ல முடியாது. ஆனால் அட்டை பழக்கிவிட்ட கண்ணுக்கு, அப்பள்ளத்தில் மனிதர் இருப்பதே காட்சிக்குக் கேடு என்று தோன்றிப்போயிருந்தது என்பது நம் துணிபு.

நிழற்படக்காரரிலும் ஒரு வேறுபாடு காட்டவேண்டும். எல்ஸ்வொர்த், எமெரி என்ற கோல்ப் உடன்பிறந்தார் 1904ஆம் ஆண்டில் பாதையின் தலைப்பில் நிழற்படக்கூடம் அமைத்தனர். பெருநிறுவனம் மனிதரற்ற காட்சியை விற்றது. இவர்கள் கோவேறு கழுதைமேல் அமர்ந்து இறங்கும் பயணியரையே படமெடுத்து, அவர்கள் ஏறி வருவதற்குள் படத்தைக் கழுவி விற்றனர். விளிம்பில் நல்ல நீர் இல்லை. ஆகவே எமெரி தகடுகளைச் சுமந்துகொண்டு பச்சைத் திட்டு வரை ஓடி, ஊற்றுநீரில் கழுவி, மீண்டும் நாலரை மைல் ஏறிக் கழுதைகளை முந்திக்கொண்டு வருவார். இவ்வாறு நாள்தோறும், சில நாள் இருமுறை. 1932ஆம் ஆண்டில் குழாய்நீர் வரும் வரை இதுவே தொழில்முறை. ஹவசுப்பாய் மக்கள் பாத்தி கட்டிய ஊற்றிலே கழுவப்பட்ட படங்கள் எத்தனை ஆயிரமோ!

இனி அட்டையில் கோபுரமாய் நிற்கும் குன்றுகளைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நம் வாசகர் நிலப்படத்தைக் கையில் எடுத்தால் திடுக்கிடுவர். விஷ்ணு கோயில், சிவன் கோயில், பிரமன் கோயில், கிருஷ்ணன் சன்னிதி, இராமன் சன்னிதி, மனுக் கோயில், புத்தர் கோயில் என்று குன்றுகளின் பெயர்கள் நீள்கின்றன. சொராஸ்தர் கோயிலும் உண்டு. யாரேனும் முற்காலத்தில் கடல்கடந்து சென்றனரோ என்று நம்மவருள் சிலர் மேடையில் முழங்கவும் கூடும். அப்படி ஒன்றும் இல்லை. முன்னர்க் குறிப்பிட்ட டட்டன் 1880களில் இட்ட பெயர்களும், அவரைப் பின்பற்றிப் பின்வந்தோர் இட்ட பெயர்களும் இவை. கீழைநாட்டுச் சமயங்களில் நாட்டம் கொண்ட அவருக்கு அக்குன்றுகள் கோபுரங்களாகத் தோன்றின. பின்னர்ப் பள்ளத்தின் அடியில் உள்ள, ஏறத்தாழ 175 கோடி ஆண்டுப் பழமையுடைய கரும்பாறைக்கும் ‘விஷ்ணு’ என்றே பெயராயிற்று. விளிம்புப் பாறைக்கு 27 கோடி ஆண்டு. ஆறு அதனை இவ்வாழம் அறுக்க எடுத்துக்கொண்டதோ ஐம்பது அறுபது இலட்சம் ஆண்டுகளே என்பர். அனந்தசயனம் அடியில் என்று நாம் மகிழலாம். ஆனால் நம் தெய்வங்களின் பெயர், அங்கு வாழ்ந்தாருடைய இடப்பெயர்களின்மேல் அவர்களைக் கேளாமல் ஒட்டப்பட்ட பெயர் என்பதை நினைக்கும்போது அம்மகிழ்ச்சி முழுமையாக இல்லை. வெற்றிடம் என்று கருதப்பட்ட இடத்துக்குத்தானே வெளியூரார் விருப்பம்போல் பெயரிடுவர்?

வெற்றிடம் என்ற அக்கருத்துக்கு வேடிக்கையான முடிவும் ஒருமுறை நேர்ந்தது. 1937ஆம் ஆண்டில் நியூயார்க்கு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் சிவன் கோயில் என்னும் தட்டையுச்சிக் குன்றின்மேல் ஏறினர். பல்லாயிரம் ஆண்டுகளாகத் துண்டிக்கப்பட்ட அவ்வுச்சியில் புதுவகை விலங்குகள் இருக்கலாம் என்று நாளேடுகள் பரபரப்பூட்டின. சிற்றுயிர்கள் மற்ற இடங்களில் உள்ளவை போலவே இருந்தன. பழங்குடியினர் ஏறிச் சென்றதற்கான தடயங்களும் கிடைத்தன. அவற்றோடு வெறுமையான கொடாக் நிழற்படச்சுருள் பெட்டி ஒன்றும் கிடந்தது! எமெரி கோல்ப் முன்னதாகவே ஏறி இறங்கியிருந்தார்.

நீலக் கோடு ஒன்று எஞ்சியிருக்கிறது. கொலராடோ என்ற இசுபானியச் சொல்லுக்குச் செந்நிறமானது என்பது பொருள். நம் அட்டை அச்சான நாளில் அந்த ஆறு வண்டல் கரைந்து செங்காவியாக ஓடிற்று. ஆறு என்றால் நீலம் என்று எண்ணிய டெட்ராயிட்டுக் கைவினைஞர் ஒருவர் கல்லில் நீலத்தைத் தடவிவிட்டார். 1963ஆம் ஆண்டில் பள்ளத்துக்கு மேற்பக்கம் கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. வண்டல் அணைக்குள் தங்கிவிட, வெளியே வரும் நீர் தெளிந்தும் குளிர்ந்தும் பச்சையோடியும் ஓடலாயிற்று. மழைவெள்ளம் கலக்கும் நாட்களில் மட்டும் பழைய காவி திரும்பும். சேற்றுநீருக்குப் பழகிய மீன்களுள் சில அவ்விடத்தை விட்டே மறைந்தன. கைவினைஞரின் பிழை, அவர் காலத்துக்குப் பின் பெரும்பாலும் மெய்யாகிவிட்டது.

ஹவசுப்பாய் மக்களும் பொய்யை மெய்யாக்க விடவில்லை. பல பத்தாண்டுகள் வழக்காடியும் வாதாடியும், 1975ஆம் ஆண்டு சனவரியில் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி மேட்டுநிலத்தில் ஏறத்தாழ 1,85,000 ஏக்கரைத் திரும்பப் பெற்றனர். பூங்கா வட்டாரங்களில் அதற்கு எதிர்ப்பு வலுவாகவே இருந்தது. பச்சைத் திட்டின் பெயர் அவர்களின் கோரிக்கையால் 2022ஆம் ஆண்டில் ‘ஹவசுப்பாய் தோட்டம்’ என மாற்றப்பட்டது. வெளியேற்றப்பட்டு 94 ஆண்டுகளுக்குப் பின் தோட்டத்துக்கு உரியவர் பெயர் வந்தது; குடியிருப்பு வரவில்லை.

அவர்களுடைய ஊரான சூப்பாய், பள்ளத்தின் கிளை ஒன்றினுள், சாலை எட்டாத இடத்தில் இருக்கிறது. மேட்டின் விளிம்பிலிருந்து எட்டு மைல் நடைவழி. அங்குள்ள அஞ்சலகத்துக்குக் கடிதமும் பொதியும் உணவுப்பொருளும் இந்நூற்றாண்டிலும் கோவேறு கழுதைகளின் முதுகில் இறங்கின. அங்கிருந்து எழுதும் அட்டைகள் அதே முதுகில் மேலே ஏறின. கழுதை வழி வந்த அஞ்சல் என்று தெரிவிக்கும் தனி முத்திரை அவ்வூருக்கு உண்டு. நம் அட்டையின் உரித்தெடுக்கப்பட்ட மூலையை அவ்வப்போது தடவிப் பார்க்கிறோம். அங்கிருந்தது விளிம்பின் முத்திரையாகத்தான் இருக்கவேண்டும். எழுதியவர் அரைமணி நேரந்தானே நின்றார்.